சுண்டெலியைத் தூக்குவது எப்படி?

சென்னை நகரின் வரைபடம் ஒன்றை எடுத்து விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஈக்காட்டுத்தாங்கல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அசோக் நகருக்கும் கிண்டிக்கும் இடையில் அது அகப்படும். பக்கத்திலேயே ஒரு நீலக்கோடு வளைந்து வளைந்து செல்கிறது அல்லவா? அதுதான் அடையாறு. அங்கிருந்து நாம் இரண்டு இடங்களுக்குப் போய் வரலாம்.

முதலில் கிண்டி. அங்கே கிங் நோய்த்தடுப்பு நிலையம் இருக்கிறது. 1899ஆம் ஆண்டில் தோன்றியது. அந்நாளில் பெரியம்மை ஊரையே சூறையாடும் நோய். அதைத் தடுக்கும் அம்மைப்பாலைத் தயாரிப்பதே இந்த நிலையத்தின் முதல் வேலை. அம்மைப்பாலைக் கன்றுகளின் தோலில் வளர்த்து எடுத்தார்கள். பாம்புக்கடிக்கான மருந்தும் ஒரு காலத்தில் இங்கே தயாரிக்கப்பட்டது. அதற்குக் குதிரைகள் உதவின. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடமும் கிண்டியில்தான் 1948இல் தொடங்கப்பட்டது. அந்த ஊசிமருந்து தீங்கற்றதுதானா என்பதைக் கினிப்பன்றிகளிடம் சோதித்துப் பார்ப்பது வழக்கம். ஆக, நம் கையில் போடப்பட்ட ஒவ்வொரு தடுப்பூசிக்குப் பின்னாலும் வாய் பேசாத பிராணி ஒன்று நிற்கிறது.

இப்போது ஆற்றின் போக்கிலேயே கிழக்கே வாருங்கள். சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கடந்து, ஆறு கடலில் கலக்கும் அடையாறு வருகிறது. இங்கே வாழ்ந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை நிறுவியவர் என்று அவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். விலங்குகளுக்காக வாதாடியவரும் அவரே. 1952இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்ட அவர், விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டு வந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் அந்தச் சட்டம் வந்தது. அதன்படி 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் சென்னையில்தான் இருந்தது. 2018இல்தான் அது அரியானா மாநிலத்துக்கு மாறியது.

ஓர் இடம், நோயைத் தடுக்க விலங்குகளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. இன்னோர் இடம், விலங்கைத் துன்புறுத்தாதே என்றது. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பகையா? விஞ்ஞானி இரக்கம் காட்டினால் ஆராய்ச்சி கெட்டுவிடுமா? இந்தக் கேள்விக்கு ஒரு சுண்டெலி விடை சொல்லியிருக்கிறது. அது என்ன விடை என்று பார்ப்போம்.

20 கிராம் உதவியாளர்

ஆய்வுக்கூடங்களில் பயன்படும் பாலூட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சுண்டெலிகளும் எலிகளும்தான். வளர்ந்த சுண்டெலியின் எடை 20 முதல் 30 கிராம்; ஓர் எலுமிச்சம்பழத்தைவிடக் குறைவு. கருவுற்ற சுமார் 20 நாளில் குட்டி போடும். அந்தக் குட்டி ஏழெட்டு வாரத்தில் தானும் இனப்பெருக்கம் செய்யத் தயாராகிவிடும். இடம் குறைவு, தீனி குறைவு. அதன் மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு நம்மிடமும் இணையான மரபணுக்கள் இருக்கின்றன.

நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் அதிகம் காணப்படும் வெள்ளைச் சுண்டெலிக்குச் 'சுவிஸ்' என்று பெயர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து கிளாரா லிஞ்ச் என்ற பெண் விஞ்ஞானி 1926இல் 2 ஆண் எலிகளையும் 7 பெண் எலிகளையும் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அந்த ஒன்பதின் வழித்தோன்றல்களே பின்னர் உலகெங்கும் பரவின.

பாம்புக்கடி மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கப்பட்டது. அங்கே எடுக்கப்படும் விஷம் மருந்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. தயாரான மருந்தில் 1 மில்லிலிட்டர், குறைந்தது 0.6 மில்லிகிராம் நல்ல பாம்பு விஷத்தை முறிக்க வேண்டும் என்பது விதி. முறிக்கிறதா என்று எப்படி அறிவது? விஷத்தையும் மருந்தையும் கலந்து சுண்டெலிகளுக்குச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுகிறார்கள். வயலில் பாம்பு கடித்த உழவரின் உயிர், அந்த எண்ணிக்கை சரியாக இருப்பதைப் பொறுத்திருக்கிறது.

அப்படியானால் சுண்டெலி ஓர் உயிருள்ள அளவுகோல். தராசின் தட்டைக் கையால் தட்டிவிட்டு எடை பார்க்கலாமா? கூடாது. ஆனால் சுண்டெலி என்ற அளவுகோலை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகத் தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள், தங்களை அறியாமலே!

மிரட்சி வந்தால் உடல் மாறும்

கிராமத்தில் பால் கறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வழக்கமாகக் கறப்பவர் வந்தால் பசு அமைதியாக நிற்கும். புதிய ஆள் செம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மிரளும், பாலை அடக்கிக்கொள்ளும். "மாட்டுக்குக் கோபம்" என்பார்கள். உண்மையில் நடப்பது இதுதான்: மடியிலிருந்து பால் இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். மிரண்ட பசுவின் இரத்தத்தில் அட்ரினலின் பெருகும். அது ஆக்ஸிடோசினின் வேலையைத் தடுத்துவிடும். அன்றைக்கு அந்தப் பசு எவ்வளவு பால் தரும் என்று அளந்தால், அது சரியான அளவாகுமா?

மனிதருக்கும் இதே கதைதான். வீட்டில் சரியாக இருக்கும் இரத்த அழுத்தம், மருத்துவரின் அறையில் அளந்தால் சிலருக்கு உயர்ந்துவிடுகிறது. வெள்ளைக் கோட்டைக் கண்ட பயம்! அதனால்தான் மருத்துவர்கள் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் அளக்கிறார்கள்.

சுண்டெலிக்குப் பயம் நம்மைவிட அதிகம். அதில் வியப்பில்லை. பூனை, பாம்பு, ஆந்தை, பருந்து என்று எல்லாருக்கும் அது இரை. மேலிருந்து ஏதாவது இறங்கி வந்து பற்றினால் அதற்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான். அந்த நொடியில் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிச் சுரப்பிக்கு ஆணையிடும். பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டும். அங்கிருந்து கார்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கும். நம் உடலில் கார்டிசால் செய்யும் வேலையைச் சுண்டெலியில் செய்வது இதுவே. இரத்தத்தில் சர்க்கரை ஏறும். அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 500 தடவை துடிக்கும் இதயம் இன்னும் வேகமெடுக்கும். இந்த நிலை நாள்தோறும் நீடித்தால் நோய் எதிர்ப்பு ஆற்றலும் குன்றும்.

ஓடித் தப்பிக்க இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் அந்த நேரத்தில் மருந்தொன்றின் விளைவை அளக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? மருந்தின் விளைவும் பயத்தின் விளைவும் கலந்துபோகும்.

வாலா, குழலா?

சுண்டெலியைக் கூண்டிலிருந்து எடுக்க நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கம், வாலின் அடிப்பகுதியைப் பிடித்துத் தூக்குவது. காரணம் எளிது. விரைவாக முடியும், கையைக் கடிக்காது. பாடநூல்களும் இதையே சொல்லிக் கொடுத்தன. வாலைப் பிடிப்பதால் எலிக்கு என்ன ஆகிறது என்று முறையாக யாரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் என்ற இரு விஞ்ஞானிகள். அவர்களுடைய கட்டுரை 2010இல் வெளிவந்தது. வெவ்வேறு வம்சங்களைச் சேர்ந்த ஆண், பெண் சுண்டெலிகளை எடுத்துக்கொண்டு மூன்று விதமாகத் தூக்கிப் பார்த்தார்கள். சிலவற்றை வாலைப் பிடித்துத் தூக்கினார்கள். சிலவற்றைக் குவித்த இரு உள்ளங்கைகளில் ஏந்தினார்கள். மற்றவற்றைத் தொடவே இல்லை! ஒளி புகும் பிளாஸ்டிக் குழல் ஒன்றைக் கூண்டுக்குள் வைத்தார்கள். எலி தானாக அதனுள் நுழைந்ததும் குழலோடு தூக்கினார்கள். குழல் சுமார் 5 சென்டிமீட்டர் அகலம். நீளம் ஒரு சாண் கூட வராது.

தூக்கிய பிறகு, அதே கையையோ குழலையோ கூண்டுக்குள் சும்மா வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். எலி என்ன செய்கிறது? வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட எலிகள் கையை நெருங்கவே தயங்கின. பிடிக்கும்போது அடிக்கடி சிறுநீர் கழித்தன, புழுக்கை போட்டன. பயத்தின் அடையாளங்கள் இவை. குழலில் பழகியவையோ தாமாகவே வந்து குழலை முகர்ந்து உள்ளே நுழைந்தன. உள்ளங்கையில் ஏந்தப்பட்ட எலிகளில் சில முதலில் தாவிக் குதிக்கப் பார்த்தன. பழகியதும் அவையும் கையை நாடி வந்தன.

அடுத்து ஒரு பரீட்சை. கூட்டல் குறியைப் போல நான்கு கைகள் கொண்ட, தரையிலிருந்து உயர்த்தப்பட்ட மேடை. இரண்டு கைகளுக்குப் பக்கச்சுவர் உண்டு. மற்ற இரண்டும் திறந்த வெளி. அஞ்சிய எலி சுவருக்குள்ளேயே பதுங்கும். அச்சம் குறைந்த எலி திறந்த பக்கத்துக்கும் போய்ச் சுற்றிப் பார்க்கும். பயத்தைப் போக்கும் மருந்துகளைச் சோதிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மேடை இதுதான். இதிலும் வாலைப் பிடித்துத் தூக்கிய எலிகளே அதிகம் அஞ்சின. ஒரே வம்சம், ஒரே தீனி, ஒரே கூண்டு. தூக்கிய விதம் மட்டும்தான் வேறு.

எலி தவறான விடை சொன்னபோது

"கொஞ்சம் பயந்தால் என்ன? ஆராய்ச்சி நடக்கிறதல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு சோதனைகளைப் பாருங்கள்.

முதலாவது 2015இல் வெளியான நீரிழிவு பற்றிய ஆய்வு. உள்ளங்கையில் ஏந்திப் பழக்கிய எலிகளின் இரத்தச் சர்க்கரை, வாலைப் பிடித்துத் தூக்கிய எலிகளைவிடக் குறைவாக இருந்தது. கொழுப்புத் தீனி கொடுத்துப் பருக்க வைத்த எலிகளிலும் இப்படியே. ஏந்தப்பட்டவை, உட்செலுத்திய சர்க்கரையை மேலும் நன்றாகச் சமாளித்தன. இப்போது எண்ணிப் பாருங்கள். நீரிழிவுக்குப் புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம். சர்க்கரை ஏறியது நோயாலா, வாலைப் பிடித்ததாலா? சொல்ல முடியாது. நல்ல மருந்தைப் பயனற்றது என்று ஒதுக்கிவிடவும் கூடும்.

இரண்டாவது, ஹர்ஸ்டும் கெல்லி கூவியா என்பவரும் 2017இல் வெளியிட்டது. இது முகர்ந்து அறியும் சோதனை. ஒரு வாசனையை எலிக்குப் பழக்கிவிட்டுப் பிறகு புதிய வாசனையை வைக்க வேண்டும். வேறுபாடு தெரிந்தால் எலி புதியதை அதிக நேரம் முகரும். குழலில் பழகிய எலிகள் தயங்காமல் போய் முகர்ந்தன. வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டின. வாலைப் பிடித்தவை அருகே போகவே தயங்கின. பார்ப்பவருக்கு எப்படித் தோன்றும்? "இந்த எலிக்கு வேறுபாடு தெரியவில்லை" என்றுதானே! வகுப்பில் கேள்வி கேட்டதும் நடுங்கி வாயடைத்து நிற்கும் மாணவனுக்குப் பாடமே தெரியாது என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது.

ஒரு சிறு கணக்கு

பயத்தால் இன்னொரு நட்டமும் வரலாம். எல்லா எலிகளும் ஒரே அளவில் பயப்படுவதில்லை. ஒன்று அதிகம் நடுங்கும், இன்னொன்று குறைவாக. அதனால் அளவுகள் சிதறும்.

சிதறலை எப்படிச் சமாளிப்பது? பல எலிகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். இதில் கணிதம் ஒரு கண்டிப்பான விதி வைத்திருக்கிறது. சிதறல் இரண்டு மடங்கானால், அதே நம்பகத்தோடு விடை கிடைக்க எலிகளின் எண்ணிக்கை நான்கு மடங்காக வேண்டும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 10 எலிகளில் முடிய வேண்டிய ஆய்வுக்கு 40 தேவைப்படும். திருப்பியும் சொல்லலாம்: சிதறலைப் பாதியாக்கினால் 40 எலிகள் வேண்டிய இடத்தில் 10 போதும். மீதி 30 உயிர்கள் தப்பும்.

சட்டையின் வாசனை

கையாளும் முறை மட்டுமே எலியை மிரட்டுவதில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி மோகிலின் குழு 2014இல் ஒரு வியப்பான செய்தியைச் சொன்னது. அறையில் ஆண் ஆய்வாளர் இருந்தால் எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைவாகக் காட்டின. பெண் ஆய்வாளர் இருந்தால் அப்படி இல்லை. ஆளே வேண்டாம், ஓர் ஆண் அணிந்திருந்த சட்டையை அருகில் வைத்தாலே போதும்! ஆண் விலங்குகளின் வாசனை அவற்றுக்கு நெருக்கடியை உண்டாக்க, அந்த நெருக்கடி வலியை மறைத்துவிடுகிறது. வலி நிவாரணி ஒன்றைச் சோதிக்கும்போது மருந்து கொடுத்தவர் யார் என்பதைக் குறித்து வைக்காவிட்டால் என்ன குழப்பம் வரும் பாருங்கள்.

ஒலியும் அப்படியே. நம் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். சுண்டெலியின் காது அதைப்போல் பல மடங்கு உயர்ந்த ஒலியையும் கேட்கும். நமக்கு நிசப்தமாகத் தோன்றும் அறையில் ஏதேனும் ஒரு மின்கருவி அதன் காதருகே கிறீச்சிட்டுக்கொண்டிருக்கலாம்.

நேரம் எங்கே இருக்கிறது?

குழல் முறையைக் கேட்டதும் பலர் சொன்ன தடை இது: "நூற்றுக்கணக்கான கூண்டுகளைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வோர் எலியையும் கொஞ்சிக்கொண்டிருக்க நேரம் ஏது?" இதையும் ஹர்ஸ்டும் கூவியாவும் சோதித்தார்கள். 2019இல் முடிவு வந்தது. கூண்டு மாற்றும்போது குழலில் 2 வினாடி தூக்கி இறக்கினாலே போதும், எலி பழகிவிடுகிறது. இன்னொன்றும் தெரிந்தது. ஊசி போடும்போது எலியைப் பிடரியில் பிடித்து அசையாமல் நிறுத்தத்தான் வேண்டியிருக்கிறது. அப்படிப் பலமுறை பிடித்து ஊசி போட்ட பிறகும், குழலில் பழகிய எலிகளின் அச்சம் வாலைப் பிடித்தவற்றைவிடக் குறைவாகவே இருந்தது.

செய்முறையும் எளிது. குழலைக் கூண்டிலேயே போட்டு வைத்தால் எலி அதில் விளையாடிப் பழகும். எடுக்க வேண்டிய நேரத்தில் குழலைச் சுவரோரமாக வைத்து, கையால் மெல்ல வழிகாட்டினால் எலி உள்ளே போகும். தூக்கும்போது இரு முனைகளையும் கைகளால் இலேசாக மறைத்துக்கொண்டால் வெளியே குதிக்காது. இறக்கும்போது குழலை மெல்லச் சாய்த்தால் தானே இறங்கிப் போகும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

சட்டமும் விஞ்ஞானமும்

1959இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் விலங்குச் சோதனைகளுக்கு மூன்று நெறிகளை வகுத்தார்கள். விலங்கு இல்லாமலே அறிய வழி இருந்தால் அந்த வழியை மேற்கொள்ள வேண்டும். இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். எடுத்துக்கொண்ட விலங்கின் வேதனையை இயன்றவரை தணிக்க வேண்டும். அடுத்த ஆண்டே வந்த நம் நாட்டுச் சட்டமும் இதே திசையில் நிற்கிறது. அது சோதனைகளைத் தடை செய்யவில்லை. உரிய கவனத்தோடும் இரக்கத்தோடும் செய்ய வேண்டும் என்கிறது. நூலோ, மாதிரி உருவமோ, திரைப்படமோ போதும் என்றால் மாணவர்களுக்குக் கற்பிக்க விலங்கைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும் சொல்கிறது. 1998இல் வந்த விதிகளின்படி, விலங்குச் சோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

குழலில் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. விஷத்தை ஏற்கும் எலியின் வேதனை, மெதுவாகத் தூக்கியதால் மறைந்துவிடாது. அதற்கு எலியே தேவைப்படாத சோதனை முறைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை. உங்களில் யாரேனும் அதைச் செய்யலாம். ஆனால் தேவையே இல்லாத பயத்தை நாம் கொடுக்க வேண்டியதில்லை. அதை நீக்கினால் எலிக்கும் நன்மை, நமக்குக் கிடைக்கும் விடையும் மெய். கிண்டியும் அடையாறும் பகையல்ல என்று சுண்டெலி சொன்ன விடை இதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்காக வீட்டு எலியைப் பிடிக்க வேண்டாம்! அது கடிக்கும்; அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். எந்த விலங்கையும் தொடாமல் செய்யக்கூடிய ஆய்வு ஒன்று இருக்கிறது.

பள்ளித் தோட்டத்திலோ பூங்காவிலோ தரையில் மேயும் அணிலையோ புறாவையோ தேர்ந்தெடுங்கள். தூரத்திலிருந்து அதை நோக்கி வேகமாக நடந்து செல்லுங்கள். அது ஓடத் தொடங்கியதும் நின்று, அது இருந்த இடத்துக்கும் உங்களுக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து குறியுங்கள். இன்னொரு நாள், குனிந்து, நேராகப் போகாமல் சற்று விலகி, மெல்ல நடந்து அளவிடுங்கள். ஒவ்வொரு முறையிலும் பத்து அளவுகள் எடுத்துச் சராசரி காணுங்கள். எந்த முறையில் தூரம் குறைகிறது? அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன? அணிலுக்குத் தீனி போடுபவர் வந்தால் அந்தத் தூரம் என்ன ஆகிறது?

அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அளக்கப் போன நீங்களும் அந்த அளவின் ஒரு பகுதி என்பது பத்தே நாளில் உங்களுக்குப் புரிந்துவிடும்.